நடுத்தாள்

மடித்துத் தைக்கிற புத்தகத்தில் ஒற்றைப் பக்கத்தைத் தனியாகச் சேர்க்க முடியாது. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். மூன்று தாளுக்குப் பன்னிரண்டு பக்கம். பதிமூன்றாவது பக்கம் வேண்டுமென்றால் நான்காவது தாளைப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதோடு வேண்டாத மூன்று பக்கங்களும் கூடவே வந்து சேரும். இந்தக் கணக்கு பிடிபட்ட நாளிலிருந்து தேனப்பன் தன் கையால் செய்த எந்தப் புத்தகத்திலும் ஒரு பக்கத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை. காலிப் பக்கத்தைக் கண்டால் அவருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். விஷயம் பதிமூன்று பக்கத்துக்குப் போனால் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி, எறும்பு ஊர்கிற அளவுக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டில் அடக்கிவிடுவார்.

அவர் செய்தவை எல்லாம் ஆட்டப் புத்தகங்கள். உலகத்தில் யார் யாரோ உட்கார்ந்து யோசித்து, மேசையில் வைத்து ஆடுகிற ஆட்டங்களை உண்டாக்கி, இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இறக்கி, பிரிண்ட் எடுத்து, சீட்டுகளை வெட்டி, விதிப் புத்தகத்தை மடித்துத் தைத்தால் கடைக்குப் போகாமலே ஓர் ஆட்டம் கையில் இருக்கும். மகன் ஹரீஷ் கனடாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பு அப்பாவுக்கு இதைக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனான். "ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தா சண்டைதான் போடுவீங்க" என்றான்.

சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. தேனப்பன் முப்பது வருஷம் சென்னையில் ஒரு டயர் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்று மனைவி மீனுவோடு காரைக்குடி செக்காலையில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் இடையில் பேசுவதற்கு மகனைத் தவிர ஒன்றுமே இல்லை என்று. "சாப்பிட வாரீகளா", "வாரேன்", "மோட்டார் போட்டாச்சா", "போட்டாச்சு" என்பதற்கு மேல் ஒரு நாள் தாண்டாது. அந்த வீட்டில் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்தது ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான். பலகாரம் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்கு உட்கார்ந்தால் உலை வைக்கிற நேரம் வரை ஆட்டம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மீனு கிண்டல் செய்வாள், மிரட்டுவாள், தோற்றால் சீட்டைப் பறித்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் இருந்த மீனு வாரத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போவது போல் இருந்தது தேனப்பனுக்கு. வெளியே சொல்ல மாட்டார், ஆனால் திங்கட்கிழமையிலிருந்தே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பார்.

வேலையும் பங்கு போட்டுத்தான் நடந்தது. ஆங்கில விதிகளைத் தமிழில் எழுதுவதும் சீட்டை வெட்டுவதும் அவர். தைப்பது மீனு. தாளை மடித்து, கரண்டிக் காம்பால் ஒரு இழுப்பு இழுத்து, மடிப்பில் குத்தூசியால் மூன்று துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து முடிச்சுப் போட்டாளென்றால் புத்தகம் விரித்த இடத்தில் விரிந்து நிற்கும். அலமாரியில் அப்படி இருபத்தாறு புத்தகங்கள் இருந்தன.

அவற்றில் இருவருக்கும் உயிரானது 'ஊருணி'. எந்த நாட்டுக்காரரோ ஏரிகளை வைத்துச் செய்த ஆட்டத்தைத் தேனப்பன் நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றியிருந்தார். நான்கு நிறத்தில் நான்கு ஊருணி. நிறத்துக்கு ஆறு சீட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை எண். நீலச் சீட்டை நீல ஊருணியில்தான் இறக்கலாம். அதுவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக. ஆறை இறக்குகிறவருக்கு அந்த ஊருணி சொந்தம். வரிசை தப்பி இறக்கினால் கரை உடைந்தது, ஊருணி எதிராளிக்கு. முதலில் மூன்று ஊருணி யாருக்குச் சேர்கிறதோ அவருக்கு ஜெயம். சீட்டு முழுக்கப் படித்துறை படம் போட்டு, எண்ணை மட்டும் மூலையில் பொடியாக வைத்திருந்தார். "அப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கும்" என்பது அவர் கட்சி.

விதி என்றால் மனிதர் விடாக்கண்டர். கல்யாணமாகி சொந்த ஊர் ஒக்கூரில் பெரியவர்கள் இவர்களை வேறு வைத்து, தனி அடுப்பும் தனிச் சாமானும் கொடுத்த முதல் வாரமே, அடுப்படிச் சுவரில் தண்ணீர் செலவுக்கு ஓர் அட்டவணை ஒட்டியவர் அவர். நாலு வருஷத்துக்கு முன் மீனுவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் 'மீனாளின் உணவு விதிகள்' என்று பதினான்கு விதி எழுதி, லேமினேஷன் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். ஒன்பதாவது விதியில் மாம்பழம் எத்தனை துண்டு என்றுகூட இருந்தது. லேமினேஷன் செய்துவிட்டதால் மீனுவால் அதைக் கிழிக்கவும் முடியவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் ஊருணிப் புத்தகத்துக்குப் புதுப் பிரதி தைத்துக் கொடுத்தாள். பழையது சாம்பார் பட்டு வீணாகியிருந்தது. தேனப்பன் புரட்டிப் பார்த்தார். நான்காம் பக்கம் வரை சரி. ஐந்தாவதில் எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது.

"மீனு, இங்க பாரு. நடுத்தாளைத் தலைகீழா வச்சுத் தச்சிருக்கே."

"யானைக்கும் அடி சறுக்கும்."

"நீ என்ன யானையா?"

"முப்பது வருஷமா அப்பிடித்தானே சொல்லிக்கிட்டு இருந்தீக" என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவரைப் பார்த்தாள். கொஞ்ச நாளாக அப்படித்தான் பார்க்கிறாள், கோழி பார்க்கிற மாதிரி. நையாண்டி செய்கிறாள் என்று தேனப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆனாலும் விடவில்லை. தைக்கும் முன் பக்க எண்ணைச் சரிபார்ப்பது எப்படி என்று பத்து நிமிஷம் வகுப்பெடுத்தார். அவள் நூலைப் பிரித்துவிட்டு, "அப்ப நீங்களே ஒவ்வொண்ணா எடுத்துக் குடுங்க" என்றாள். கொடுத்தார். தைத்து முடித்தாள்.

விவகாரம் பங்குனியில் தொடங்கியது. ஒரு புதன்கிழமை காலை, மீனு குளிக்கப் போயிருந்த நேரம். ஊருணிச் சீட்டுகளைத் துடைத்து அடுக்கலாம் என்று தேனப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெயில் சாய்வாக விழுந்தது. ஒரு சீட்டின் முதுகில், மூலையில், ஊசி முனை அளவுக்குக் குழி தெரிந்தது. ஒன்றல்ல, நான்கு. திருப்பினார். நாலாம் எண் சீட்டு. இன்னொன்றை எடுத்தார். இரண்டு குழி, இரண்டாம் எண். இருபத்து நாலு சீட்டையும் பார்த்துவிட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

டயரில் மயிரிழை வெடிப்பைக் கண்டுபிடித்த கண் அது. பார்த்தவுடன் பிடிபட்டுவிட்டது: சீட்டில் அடையாளம் வைத்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்துகொண்டு என் கையில் என்ன இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே படிக்கிறாள். தை மாதத்திலிருந்து தொடர்ந்து தோற்றதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அவளுடைய திறமை என்று நினைத்து, அந்தப் பெருமையில் தோல்வியைக்கூட ருசித்துக்கொண்டிருந்தாரே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கூட இருந்தே கழுத்தறுத்துவிட்டாள் என்று நினைத்தார். நேரே கேட்டிருக்கலாம். கேட்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதை ஏன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்றார். மறு ஞாயிற்றுக்கிழமை வயிறு சரியில்லை என்றார். மீனு பத்து மணிக்கு மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, பதினொன்றரை வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது வாரம் தேனப்பன் சீட்டுகளைப் புதிதாக அடித்துவிடுவது என்று முடிவு கட்டினார். குழியே இல்லாத சீட்டு. அதில் ஜெயி, பார்ப்போம். கல்லூரிச் சாலையில் மாணவர்களுக்குப் பிராஜக்ட் புத்தகம் பைண்டிங் செய்கிற சத்தியப்பிரியாவின் கடைதான் அவருக்கு வாடிக்கை. கடையின் கம்ப்யூட்டரிலேயே அவருடைய ஆட்டங்கள் எல்லாம் இருந்தன. சத்தியப்பிரியா கெட்டித் தாளில் இரண்டு பக்கமும் அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, "மீனு ஆச்சிக்கு அந்தப் பெரிய எழுத்து சரியா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"எந்தப் பெரிய எழுத்து?"

"இந்த ஊருணிப் புத்தகந்தாண்ணே. தை மாசம் வந்து பெருசாக்கிக் கேட்டாக. ஒரு தாளுக்கு பத்து வரி வர்ற மாதிரி எடுத்துக் குடுத்தேன். இன்னுங் கொஞ்சம் பெருசுன்னாக. கடைசியில தாளுக்கு நாலு வரிதான் வந்துச்சு. நீங்க சொல்லலையேன்னு கேட்டதுக்கு, அவுகளுக்குத் தெரிய வேணாம்னு சிரிச்சாக."

தேனப்பனுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் விதிகளைத் தனியாக உட்கார்ந்து மனப்பாடம் வேறு செய்திருக்கிறாள். எவ்வளவு பெரிய திட்டம்! காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பொய்யில்லை. சீட்டுகளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வெட்டி, பழைய பெட்டியில் புதுச் சீட்டை வைத்தார். பழைய சீட்டை மேசை இழுப்பறைக்குள் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இன்னைக்கு ஆடுவோம்" என்று அவர் சொன்னதும் மீனுவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஒரு கணம் மனசு இளகியது. இறுக்கிக்கொண்டார். ஆளுக்கு ஆறு சீட்டு போட்டு, மீதியை எடுத்து ஆடுகிற கட்டாக நடுவில் கவிழ்த்தார்.

மீனு சீட்டுகளை விசிறியாகப் பிடித்தாள். கட்டைவிரல் மூலைக்குப் போனது. நின்றது. அடுத்த சீட்டின் மூலைக்குப் போனது. அங்கேயும் நின்றது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். சீட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மற்ற மூலையைத் தடவினாள்.

"என்ன, யோசனை பலமா இருக்கு?" என்றார் தேனப்பன்.

"வெரல்ல எண்ணெய்" என்றாள். பிறகு மெதுவாக, "புதுசா அடிச்சீகளா?"

"ஆமா. பழசு அழுக்காயிருச்சு."

"நல்லாத்தான் இருக்கு. வழுவழுன்னு."

நீல ஊருணியில் ஒன்று இறங்கியிருந்தது. மீனு ஒரு நீலச் சீட்டை எடுத்தாள். தலையைச் சாய்த்தாள், சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், ஜன்னல் பக்கம் திருப்பினாள். இறக்கினாள். ஐந்து.

"கரை உடைஞ்சிருச்சு" என்றார் அவர். குரலில் குஷி இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"ஆமால்ல" என்று சிரித்தாள்.

அடுத்து பச்சை. இரண்டுக்கு மேல் ஆறை வைத்தாள். அடுத்து மஞ்சள். ஒன்றே இறங்காத ஊருணியில் நாலைக் கொண்டுபோய் வைத்தாள். புதிதாகக் கற்றுக்கொள்கிற பிள்ளைகூட அப்படி ஆடாது. பத்து நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. தேனப்பனுக்கு மூன்று ஊருணி, மீனுவுக்கு ஒன்றுமில்லை. கிண்டல் இல்லை, மிரட்டல் இல்லை, சீட்டைப் பறித்துப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு நீங்க ஜெயிச்சிட்டீக. அப்பளம் ரெண்டா பொரிக்கிறேன்" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். போகும்போது நாற்காலி முதுகைத் தொட்டு, சுவரைத் தொட்டு, நிலையைத் தொட்டுப் போனாள். அவள் இப்படித் தொட்டுத் தொட்டு நடப்பதை அவர் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! பார்த்தார், அவ்வளவுதான்.

ஜெயித்த மனிதர் ஜெயித்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜெயித்த ருசியே இல்லை. இழுப்பறையைத் திறந்து பழைய சீட்டுகளை எடுத்தார். ஒன்றைத் தன் இடத்தில் முதுகு காட்டி நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் போய் மீனுவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். குழி தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் ஏமாற்ற நினைப்பவள் இதை எதற்கு வைக்க வேண்டும்?

ஐந்தாறு பழைய சீட்டுகளை எடுத்து விசிறியாகப் பிடித்தார். அவர் எப்போதும் ரேகை படக் கூடாது என்று நுனி விரலால் ஓரத்தைப் பிடிப்பவர். இப்போது மீனு பிடிப்பதைப் போலப் பிடித்தார். கட்டைவிரல் போய்த் தானாகவே மூலையில் உட்கார்ந்தது. அடியில் சின்னச் சின்னதாக மேடு. முதுகில் குத்தினால் முகத்தில் மேடு வருமல்லவா! கண்ணை மூடிக்கொண்டு தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் திறந்தார். மூன்றாம் எண். தலைகீழாகத் தைத்த நடுத்தாள், தாளுக்கு நாலு வரி, கோழி மாதிரி சாய்கிற தலை, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன.

பழைய சீட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மீனு உலையைப் பார்த்து நின்றிருந்தாள். அவள் கையில் சீட்டை வைத்தார். அவள் விரல் மூலைக்குப் போனது.

"நாலு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. திரும்பவில்லை.

"எப்பயிருந்து மீனு?"

"ஐப்பசியில இருந்து. நெறம் தெரியுது. ஓரம் தெரியுது. நடுவுலதான் அழிஞ்சு அழிஞ்சு போகுது. எழுத்தைப் பார்த்தா எழுத்து இருக்காது. ஒங்க மூஞ்சியும் அப்பிடித்தான். காதும் கழுத்தும் இருக்கும், நடுவுல ஆள் இருக்க மாட்டீக. சாச்சுப் பார்த்தாத்தான் வருவீக."

இத்தனை நாளும் நையாண்டி என்று நினைத்தாரே, அது அவர் முகத்தைத் தேடிய பார்வை.

"டாக்டர்ட்ட போகலாம். நாளைக்கே..."

"போயாச்சு. தை மாசம் கண்ணம்மை வீட்டு விசேசம்னு மதுரைக்குப் போனேன்ல, விசேசமெல்லாம் ஒண்ணுமில்ல. அவதான் கூட்டிக்கிட்டுப் போனா. சர்க்கரை கண்ணுக்குள்ள போயிருச்சாம். மாசாமாசம் ஊசி போடுறாக, அவளைப் பாக்கப் போறேன்னு போனதெல்லாம் அதுக்குத்தான். போனது வராதாம், இருக்கறதக் காப்பாத்தலாங்கிறாக."

கண்ணம்மை அவளுடைய தங்கை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்பது தேனப்பனுக்கு வலித்தது. "எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், "சரி, மொதல்ல அடுப்படியில வெளிச்சம் மாத்தணும். ரெண்டாவது, நீ தனியாக் கோயிலுக்குப் போகக் கூடாது. மூணாவது..." என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

மீனு திரும்பினாள். "இதுக்குத்தான் சொல்லலை" என்றாள். "லேமினேசன் பண்ணிருவீக. கண்ணுக்குப் பதினாலு விதி. அதுகூடப் பரவால்ல. ஞாயித்துக்கெழமை பாவம்னு எனக்கு விட்டுக் குடுப்பீக. நான் ஆறு வச்சாலும் சரி, அஞ்சு வச்சாலும் சரின்னு தலையாட்டுவீக. இந்த வீட்ல அந்தக் கொஞ்ச நேரந்தான் நீங்க எங்கூட மல்லுக்கட்டுறீக. அதுவும் போயிருச்சுன்னா நான் என்ன பண்றது?"

அவள் சொல்லி முடித்துவிட்டாள். இனி அவர் முறை. மறைக்க முடியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும். குழியைப் பங்குனியிலேயே பாத்துட்டேன். நீ திருட்டாட்டம் ஆடுறேன்னு நெனச்சேன். அதான் தலைவலின்னேன். அதான் புதுச் சீட்டு அடிச்சேன்."

மீனு அவரையே பார்த்தாள், தலையைச் சாய்க்காமல். "களவாணின்னு நெனச்சீகளா?"

"நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல."

"நீ சொல்லியிருக்கலாம்ல."

உலை பொங்கி அடுப்பில் வழிந்தது. மீனு கை நீட்டி அடுப்பைக் குறைத்தாள். விரல் குமிழைத் தேடாமல் நேராகப் போய் உட்கார்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குத்தூசி மேல்தட்டுல இருக்கு. எடுத்து வைங்க. சாப்பிட்டுட்டு வாரேன்" என்றாள்.

மத்தியானம் இருவருமாக உட்கார்ந்து புதுச் சீட்டுகளில் புள்ளி குத்தினார்கள். அவர் எண்ணைப் படித்தார், அவள் குத்தினாள். பழந்துணியை நாலாக மடித்துக் கீழே வைத்தால் மேடு அழகாக வரும் என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இத்தனை மாதமும் அவர் மத்தியானத் தூக்கம் போடுகிற நேரத்தில் தனியாக உட்கார்ந்து, தாளுக்கு நாலு வரி எழுத்தைச் சாய்ந்து சாய்ந்து படித்து, விதி முழுவதையும் மனசில் ஏற்றியிருக்கிறாள். ஜெயிப்பதற்காக இல்லை, அவரோடு ஆடுவதற்காக. அதை நினைக்க நினைக்க அவருக்கு அவளை எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கினார்கள். நடுக்கட்டில் சீட்டு தீர்ந்த நேரத்தில் தேனப்பனிடம் பச்சை ஆறு இருந்தது. இறக்கினால் ஊருணி அவருக்கு. அவர் அதை விட்டுவிட்டு ஒன்றுக்கும் உதவாத ஒரு சிவப்பை இறக்கினார்.

மீனு சீட்டை மேசையில் கவிழ்த்தாள். "பச்சை ஆறு எங்கிட்ட இல்ல. கட்டும் காலியாயிருச்சு. அப்ப அது ஒங்ககிட்டத்தான் இருக்கு. சிவப்பைத் திருப்பி எடுங்க."

"இல்ல, நான் ஒரு யோசனையா..."

"எடுங்க."

எடுத்தார். ஆறை இறக்கினார். அதற்குப் பிறகு நிஜமாகவே ஆடினார், ஆடியும் மூன்றுக்கு ஒன்று என்று தோற்றார். கோபம் வந்தது. "அந்த மஞ்சளை நீ முன்னாடியே வச்சிருந்தா..." என்று வாதாடினார். மீனு அவர் சீட்டைப் பறித்துத் தடவிப் பார்த்து, "இதை வச்சுக்கிட்டா தோத்தீக!" என்று கைகொட்டிச் சிரித்தாள். வீடு பழையபடி ஆனது.

"புள்ளி ஆட்டத்துல இருக்குன்னா புத்தகத்துலயும் இருக்கணும்" என்றார் தேனப்பன். அவர் குணம் எங்கே போகும். புத்தகத்தைப் பிரித்தார்கள். பன்னிரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. ஒரு வரி சேர்க்கக்கூட இடமில்லை. நான்காவது தாள் போட வேண்டும், நான்கு பக்கம் வரும். வெளியே போட்டால் அட்டை மறைந்துவிடும் என்பதால் நடுவில் வைப்பது என்று தீர்மானமானது. வெள்ளைத் தாளை மடித்து, பேனாவை எடுத்து, எப்போதும் எழுதுகிற பொடி எழுத்தை விட்டுவிட்டு முதல் பக்கம் முழுவதும் பெரிதாக எழுதினார்: 'சீட்டின் மூலையில் புள்ளி உண்டு. அது ஆட்டத்தைச் சேர்ந்தது.'

"ரெண்டாவதுல நான் சொல்றதை எழுதுங்க" என்றாள் மீனு. "விட்டுக் குடுத்து ஆடினா அந்த ஆட்டம் செல்லாது."

எழுதினார்.

"மூணாவதுல..." என்று கொஞ்சம் நிறுத்தினாள். நூலை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "மாசத்துல மொதப் புதன்கெழமை மதுரைக்குப் போகணும். ரெண்டு பேரும்."

தேனப்பன் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இது ஆட்ட விதியா?"

"ஆட்டம் நடக்கணும்ல."

எழுதினார். 'இருவரும்' என்று எழுதிய இடத்தில் மை கொஞ்சம் பரவிவிட்டது. வேறு சமயமாக இருந்தால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுத்திருப்பார். ஊதி உலர வைத்தார்.

"நாலாவதுல என்ன போட?"

"அது கெடக்கட்டும். எல்லாத்தையும் எழுதிப்புடணுமா?" என்றாள்.

அப்படித்தான் தேனப்பனுடைய புத்தகத்தில் முதன்முதலாக ஒரு காலிப் பக்கம் வந்தது. தாள்களை வரிசையாக அடுக்கி, தலைகீழாக ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தார். வகுப்பெடுக்கவில்லை. அவள் மடிப்பில் விரலை ஓட்டி, நடு எது என்று கண்டுபிடித்து, குத்தூசியை இறக்கினாள்.

"நேரா இருக்கா?" என்று தலையைச் சாய்த்தாள்.

"இரு" என்று தேனப்பன் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி, நேர் எதிரிலிருந்து இடப்பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"என்ன பண்றீக?"

"நீ தலையைச் சாய்க்காம இரு. நேராவே பாரு. இங்குட்டு இருந்தா தெரியிறேனா?"

மீனு கழுத்தை நிமிர்த்தி நேராகச் சுவரைப் பார்த்தாள். ஓரக்கண்ணில் அவர் முழுதாக இருந்தார், நெற்றி, கண்ணாடி, மூக்கு, நரைத்த மீசை எல்லாம். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியிறீக" என்றாள். "சவரம் பண்ணி மூணு நாளாச்சு."

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர் அந்த இடத்தில்தான் உட்கார்ந்தார். சாப்பிடும்போதும், மதுரை பஸ்ஸிலும் அந்தப் பக்கம்தான். இந்த விதியை அவர் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.